பாட்டில் மாறியது எப்படி?

கார்த்திகை முதல் வாரம். எட்டயபுரம் பக்கம் கரிசல் காட்டில் இரண்டு ஏக்கர் பருத்தியும் ஒரு ஏக்கர் மக்காச்சோளமும் போட்டிருந்தார் அந்த விவசாயி. வயது 52. பருத்தி முழங்கால் உயரம் வந்து சப்பை வைக்கத் தொடங்கியிருந்தது. இலையைத் திருப்பிப் பார்த்தால் அசுவினியும் தத்துப்பூச்சியும் அப்பிக் கிடந்தன. காலை வெயில் ஏறுவதற்குள் மருந்து அடித்துவிடலாம் என்று கைத்தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

தாழ்வாரத்தில் மருந்து பாட்டில்கள் வரிசையாக இருக்கும். போன வருட மிச்சம், இந்த வருடம் வாங்கியது, பக்கத்துக் காட்டுக்காரர் கொடுத்தது எல்லாம் ஒரே இடத்தில். அவர் எழுத்தைப் படித்து எடுப்பதை விட்டு நான்கைந்து வருடம் ஆகிறது. பாட்டிலின் உயரம், மூடியின் நிறம், இதுதான் அடையாளம். ஒரு மூடி, அரை மூடி, இதுதான் அளவு. அன்றைக்கும் அப்படித்தான் எடுத்தார். இரண்டு டேங்க் அடித்து முடித்தபோது வாடை வேறு மாதிரி இருப்பதாகப் பட்டது. புதுக் கம்பெனி மருந்து போலும் என்று நினைத்து மூன்றாவது டேங்கையும் அடித்தார். முப்பது சென்ட் முடிந்தது. மழை கறுத்து வந்ததால் மீதியை விட்டுவிட்டு வந்துவிட்டார். அந்த மழைதான் அவரைக் காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும்.

இரண்டு மூன்று நாளில் இலைகள் தொங்கின, தண்டு நெளிந்தது. பத்தாம் நாள் பார்த்தால், வந்த கொழுந்தெல்லாம் பருத்தி இலை மாதிரியே இல்லை. குறுகி, விரல் விரலாகப் பிரிந்து, நரம்பு வெளுத்து நின்றது. 'பருத்திக் கொழுந்து வெண்டை இலை போல விரல் விரலாக வருகிறது. இது வைரஸ் நோயா? என்ன மருந்து அடிக்கலாம்?' என்று பத்திரிகைக்குக் கேள்வி எழுதிப் போடச் சொல்லி மகனிடம் கார்டு கொடுத்தார். கார்டு தபால் பெட்டிக்குப் போகும் முன்பே உதவி வேளாண்மை அலுவலர் காட்டுக்கு வந்துவிட்டார். சின்ன வயதுப் பெண். செடியைப் பார்த்ததும் நோய் என்று சொல்லவில்லை.

"அண்ணாச்சி, களைக்கொல்லி பட்டிருக்கு. என்ன அடிச்சீங்க, பாட்டிலைக் காட்டுங்க."

காட்டினார். மக்காச்சோளத்தில் அகன்ற இலைக் களைகளுக்காக வாங்கி மிச்சம் வைத்திருந்த 2,4-டி. பருத்தி இந்த மருந்துக்கு ஆகவே ஆகாது. பக்கத்துக் காட்டில் அடித்து, காற்றில் சாரல் வந்தாலே கொழுந்து சுருங்கும். களைக்கொல்லி அடித்த தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் பருத்திக்கு எடுத்தாலும் இதே கதைதான். அதனால்தான் களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வையுங்கள் என்று தலைப்பாடாகச் சொல்கிறோம். இவரோ டேங்கில் ஊற்றியே அடித்திருக்கிறார்.

"கடைக்காரன் மாத்திக் கொடுத்துட்டாம்மா" என்றார்.

அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் பாட்டிலை அவர் கையில் கொடுத்து, "காலாவதி தேதி என்ன போட்டிருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார். அவர் பாட்டிலைக் கை நீட்டிப் பிடித்தார். இன்னும் நீட்டினார். தலையைப் பின்னால் சாய்த்தார். "வெளிச்சம் பத்தலை" என்றார். உச்சி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

இதற்கு மாற்று மருந்து ஏதும் இல்லை, லேசாகப் பட்ட செடி மெதுவாக மீண்டு பிந்திக் காய் வைக்கும், கொழுந்து கருகியது மீளாது, அதற்காக இன்னொரு மருந்தை வாங்கி அடித்துக் காசைக் கரியாக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போகும்போது, "முதல்ல கண்ணைக் காட்டுங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கண்ணில் என்ன கோளாறு? நாற்பது, நாற்பத்தைந்து வயதில் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்துதான். சிலர் சாளேஸ்வரம் என்பார்கள். நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளம் பிராயத்தில் இளநுங்கு மாதிரி. தூரத்தில் பார்க்க ஒரு வடிவம், கிட்டத்தில் பார்க்க ஒரு வடிவம் என்று வளைந்து கொடுக்கும். வயது ஏற ஏற முற்றின நுங்கு போல இறுகிவிடுகிறது. வளையாத லென்ஸால் கிட்டத்து எழுத்தைப் பிடிக்க முடியாது. அறுபது வயது வரை இது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும், பிறகு நிற்கும். இது நோய் இல்லை, நரை மாதிரி. கண்புரை என்பது வேறு. அதே லென்ஸ் இறுகுவதோடு நிற்காமல் பழுப்பாகவோ வெள்ளையாகவோ மங்கிப் போவது. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போதும். புரை முற்றினால் எந்தக் கண்ணாடியும் உதவாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

அவரிடம் சந்தையில் வாங்கிய கண்ணாடி ஒன்று இருந்தது. போட்டால் கிழவன் மாதிரி இருக்கிறது என்று டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். முப்பது சென்ட் பருத்தி போன பிறகு அதை எடுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சமயத்தில் செய்தித்தாளுக்குள் ஒரு நோட்டீஸ் வந்து விழுந்தது. டவுனில் ஒரு தனியார் கண் மருத்துவமனை. லென்ஸ் மாற்று சிகிச்சை செய்தால் ஆயுசுக்கும் கண்ணாடியே வேண்டாமாம். திருப்பூரில் இருக்கும் மச்சான் போனில் விசாரித்துச் சொன்னார். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து லட்சத்தைத் தாண்டும். வீட்டில் ஐந்து பவுன் இருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் நகைக் கடன் வாங்குவது என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டார். மகசூலைவிடக் கண் பெரிது என்று ஒரு நியாயமும் சேர்ந்துகொண்டது. எதற்கும் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள் என்று மகன்தான் பிடிவாதமாகச் சொன்னான்.

கூட வர மனைவியைக் கூப்பிட்டார். "கண்ணுல சொட்டு மருந்து விடுவாங்க, நாலு மணி நேரத்துக்கு மங்கலா இருக்கும், பஸ் ஏத்திவிட ஆள் வேணும்." அந்த அம்மாவுக்கு வயது 50. கொத்தமல்லிக்குக் களை எடுக்க வேண்டியிருக்கிறது என்று முதலில் தட்டிக் கழித்துப் பார்த்தார். பிறகு வந்தார்.

ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து வரிசையாகச் சோதனைகள். எழுத்துப் பலகை, கண் அழுத்தம், பிறகு சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து உள்ளே பார்ப்பது. மருத்துவர் நிதானமாகவே சொன்னார். இரண்டு கண்ணிலும் லென்ஸ் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. புரை இல்லை. வெள்ளெழுத்து மட்டும்தான். இரண்டு பாயிண்ட் கண்ணாடி போட்டால் மருந்து பாட்டில் என்ன, பத்திரத்தில் உள்ள பொடி எழுத்துகூடத் தெரியும்.

"லென்ஸ் மாத்தினா கண்ணாடியே வேண்டாம்னு போட்டிருக்கே ஐயா?"

மாற்றலாம், தப்பில்லை, சிலருக்கு அது பொருத்தமும்கூட என்றார் மருத்துவர். ஆனால் நல்ல லென்ஸை எடுத்துவிட்டு வைக்கிற செயற்கை லென்ஸில் இரண்டு வகை உண்டு. ஒரே தூரத்துக்கான லென்ஸ் வைத்தால் தூரம் தெரியும், படிக்க அப்போதும் கண்ணாடி வேண்டும். பல தூரத்துக்கான மல்டிஃபோக்கல் லென்ஸ் வைத்தால் பெரும்பாலும் கண்ணாடி தேவைப்படாது. ஆனால் இருட்டில் விளக்கைப் பார்த்தால் சிலருக்குச் சுற்றிலும் வளையம் வளையமாகத் தெரியும். "ராத்திரி வெளியே போற வேலை உண்டா?" என்று கேட்டார். காட்டுப்பன்றிக்குக் காவல் காக்க வாரத்தில் நாலு ராத்திரி டார்ச்சோடு மக்காச்சோளத்தில் கிடக்கிறவர் அவர். எதிரே லாரி வெளிச்சம் அடிக்கும் ரோட்டில் சைக்கிளில் வரவேண்டும். அதோடு எந்தக் கண் அறுவை என்றாலும் கிருமி தொற்றும் வாய்ப்பும் விழித்திரை விலகும் வாய்ப்பும் கொஞ்சமாவது உண்டு. கிட்டப்பார்வைக்காகத் தடித்த கண்ணாடி போடுகிற நடுவயதுக்காரர்களுக்கு விழித்திரை விலகும் வாய்ப்பு இன்னும் கூடுதல். பார்வையை மறைக்கும் புரை இருந்தால் அந்தத் துணிச்சல் நியாயம். சில நூறு ரூபாய்க் கண்ணாடியில் தீர்கிற விஷயத்துக்கு நகையை அடகு வைக்க வேண்டுமா என்பதை அவரவர் யோசித்துக்கொள்ள வேண்டியதுதான். பின்னால் புரை வரும்போது எப்படியும் லென்ஸ் மாற்றத்தான் போகிறார்கள்.

அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ஐந்து பவுனைக் காப்பாற்றிக் கொடுத்த மருத்துவரிடம் ஏமாற்றம் அடைவது வேடிக்கைதான். உரக்கடையில் மருந்து தேவையில்லை என்று சொல்லி அனுப்பினாலும் நம் ஆட்களுக்கு இதே முகம்தான் வரும்.

மங்கின கண்ணோடு அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, அங்கிருந்த நர்ஸ் அவர் மனைவியிடம், "அம்மா, இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, உங்களுக்கும் பார்த்துடலாமா?" என்றார்.

"எனக்கு நல்லாத்தாம்மா தெரியுது."

"இந்தப் பலகையில மேல என்ன இருக்கு?"

அந்த அம்மா பதில் சொல்லவில்லை. நர்ஸ் இடது கண்ணைப் பொத்திவிட்டு மூன்று மீட்டரில் நின்று விரலைக் காட்டினார். எத்தனை விரல் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு மீட்டர் வரை வந்த பிறகுதான் சொன்னார். வலது கண்ணில் முற்றின புரை. இடது கண்ணில் பாதி. ரத்தத்தில் சர்க்கரையும் கூடியிருந்தது, அதுவும் அன்றுதான் தெரிந்தது.

அவருக்கு அதைக் கேட்டதும் என்ன ஞாபகம் வந்தது என்றால், சோறு. இரண்டு வருடமாகச் சோற்றில் கல் கடிபடுகிறது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறார். "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று ஒருநாள் வருகிற போகிற ஆட்கள் முன்னால் கத்தியிருக்கிறார். பருத்தி எடுத்தால் சருகும் தூசியுமாகச் சேர்த்து எடுக்கிறாள் என்று வியாபாரி விலையைக் குறைத்தபோது, அவள் வேலையில் கவனம் இல்லை என்று அக்காளிடம் குறை சொல்லியிருக்கிறார். அந்த அம்மா அரிசியை விரலால் தடவித் தடவிக் கல் பொறுக்கியிருக்கிறார். விரலுக்கு அகப்பட்டது போக மீதிதான் தட்டுக்கு வந்திருக்கிறது.

"ஏன் சொல்லலை?" என்று பெஞ்சில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"சொன்னா ஆப்ரேசன்னு சொல்லுவீக. உங்க அம்மாவைப் பார்த்தவதானே நானு."

அவர் அம்மாவுக்கு 1994-ல் ஒரு முகாமில் புரை எடுத்தார்கள். அந்த வருடங்களில் முகாம்களில் பெரும்பாலும் மங்கின லென்ஸை எடுப்பதோடு சரி, உள்ளே வேறு லென்ஸ் வைப்பதில்லை. தையல் போட்டு, கட்டுப் போட்டுப் படுக்கையில் கிடக்க வேண்டும். பிறகு பத்துப் பாயிண்டுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் எல்லாம் பெரிதாகவும் கிட்டத்தில் இருப்பது போலவும் தெரியும், ஓரம் தெரியாது. படியில் கால் வைக்கப் போய்க் கிழவி இரண்டு முறை விழுந்தார். கண்ணாடி உடைந்த பதினைந்து நாள் பகலிலும் கையைப் பிடித்துத்தான் நடத்த வேண்டியிருந்தது. பிடித்து நடத்தியது அப்போது கல்யாணமாகி வந்திருந்த இந்த மருமகள். முப்பது வருடமாக அந்தப் பயம் உள்ளேயே கிடந்திருக்கிறது.

அவர் பயந்தது பொய்யில்லை, காலம் மாறிவிட்டதுதான் அவருக்குத் தெரியவில்லை. கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் யோசனையே ஒரு விபரீதத்தில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் விமானக் கண்ணாடியின் பிளாஸ்டிக் சில்லு தெறித்து உள்ளேயே தங்கியும், கண் அதை வேண்டாப் பொருளாக எதிர்க்காமல் இருந்ததை ஹரோல்ட் ரிட்லி என்ற மருத்துவர் கவனித்தார். 1949-ல் லண்டனில் அதே மாதிரிப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து ஒரு நோயாளிக்கு வைத்தார். நம் ஊர் ஏழைகளுக்கு அது கைக்கு எட்டப் பல வருடமானது, வெளிநாட்டு லென்ஸின் விலை அப்படி. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் 1992-ல் இங்கேயே லென்ஸ் தயாரிக்கத் தொடங்கியது. அதன் பிறகுதான் முகாமில் வருகிறவருக்கும் லென்ஸ் என்பது வழக்கமானது. அந்த மருத்துவமனையை 1976-ல் வெறும் 11 படுக்கையோடு தொடங்கிய டாக்டர் ஜி.வெங்கடசாமி, இதே கரிசல் பக்கம் வடமலாபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் கத்தி பிடிக்கப் பழகி அறுவை செய்தவர். அந்த அம்மாவுக்கு இந்தக் கதையை மகன்தான் சொன்னான். "நம்ம பக்கத்து ஆளா?" என்று கேட்டாராம். அதன் பிறகுதான் சரி என்றார்.

சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். மாத்திரையும் பத்தியமுமாகச் சில வாரம். அதற்குள் ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். புரை நன்றாக முற்றட்டும், பிறகு எடுத்தால்தான் சுத்தமாக வரும் என்றார் ஒருவர். அது பழைய காலத்துப் பேச்சு. இப்போது பார்வை வேலைக்கு இடைஞ்சலாக இருந்தாலே எடுக்கலாம். அதிகம் முற்றவிட்டால் கண் அழுத்தம் ஏறி, வலி வந்து, பார்வையே போகவும் கூடும். கண்ணை வெளியே எடுத்துத் தட்டில் வைத்துத்தான் அறுப்பார்கள் என்றார் இன்னொருவர். அப்படி எதுவும் கிடையாது. ஒரு மூலிகைச் சாறு விட்டால் புரை கரையும் என்றார் மூன்றாமவர். சொட்டு மருந்தில் கரையும் புரை இதுவரை இல்லை. சாறு, தாய்ப்பால் என்று கண்ணில் எதையாவது விட்டுப் புண்ணாக்கிக்கொண்டு வந்தவர்கள்தான் உண்டு.

மார்கழியில் அறுவை முடிந்தது. கண்ணைச் சுற்றி மரத்துப் போக ஊசி, தையல் இல்லாத சின்னக் கீறல், பழைய லென்ஸை எடுத்துவிட்டு அது இருந்த உறைக்குள்ளேயே புது லென்ஸ். சின்னத் துளை வழியே ஒலி அலையால் புரையை உடைத்து உறிஞ்சும் முறையும் உண்டு. இந்த அம்மாவுக்குப் புரை கெட்டியாக இருந்ததால் மருத்துவர் கீறல் முறையைத் தேர்ந்தெடுத்தார். உள்ளே போனவர் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார். இதே வேலையை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்கிறார்கள், முகாமில் பார்த்து வண்டியிலேயே கூட்டிப்போய்க் கொண்டுவந்தும் விடுகிறார்கள். ஒரு விஷயம், இது ஆண்களுக்கு: சிறுநீர்த் தொந்தரவுக்கு, அதாவது புராஸ்டேட் வீக்கத்துக்கு, டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த மாத்திரையால் கண் பாப்பா சரியாக விரியாது. முன்கூட்டித் தெரிந்தால் அதற்கு ஏற்ற மாதிரி செய்வார்கள்.

மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த அம்மா தன் சேலைத் தலைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்ன?"

"இது கத்திரிப்பூ நெறமா இன்னும்? துவைச்சுத் துவைச்சுச் சாயம் போயி மண்ணு நெறமா ஆயிருச்சுன்னுல நெனைச்சேன்."

புரைக்குள் இருந்து பார்க்கிறவர்களுக்கு நீலமும் ஊதாவும்தான் முதலில் மங்கும்.

ஒரு மாதம் பத்தியம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட வேண்டும். விடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, குனிந்து பாரம் தூக்கக் கூடாது, அடுப்புப் புகையும் காட்டுத் தூசியும் ஆகாது. கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வந்த பார்வை திரும்ப மங்கினாலோ மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே ஓடி வர வேண்டும். சிலருக்குச் சில மாதமோ சில வருடமோ கழித்து லென்ஸுக்குப் பின்னால் ஒரு படலம் வந்து மங்கும், அதை லேசரில் சில நிமிடத்தில் சரி செய்துவிடலாம், புரை திரும்ப வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

விறகு அடுப்பு ஆகாது என்பதால் அந்த ஒரு மாதமும் சோறு பொங்கியது அவர்தான். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முறத்தில் அரிசியைப் பரப்பி, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கினார். முதல் நாள் பொறுக்கிய கற்களை ஒரு சிரட்டையில் போட்டு வைத்திருந்தார். ரேஷன் அரிசி. சிரட்டையின் அடி மறைந்திருந்தது. மனைவி அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

அவர் வாங்கியது மேலே தூரம், கீழே கிட்டம் என்று இரண்டும் சேர்ந்த கண்ணாடி இல்லை. அதைப் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தால், காலைப் பார்க்கக் குனியும்போது படிக்கிற கண்ணாடிப் பகுதி வழியாகத் தரை மங்கும், தடுக்கும். அதனால் படிப்பதற்கு மட்டும் ஒரு கண்ணாடி, கழுத்தில் கயிறு. பாட்டிலை எடுக்கும்போது போட்டு, படித்து, அளந்து ஊற்றிவிட்டுக் கழற்றிவிடுவது. அளவுக் குவளை ஒன்றும் வாங்கினார். களைக்கொல்லி பாட்டில்களைத் தாழ்வாரத்திலிருந்து எடுத்து வேறு மூலையில் தனியாகப் பூட்டி வைத்தார். மனைவிக்கு வைத்தது ஒரே தூரத்துக்கான லென்ஸ் என்பதால் அவருக்கும் கிட்டத்துக்குக் கண்ணாடி வேண்டும். இடது கண்ணையும் பங்குனிக்குப் பிறகு செய்துவிட்டு அளவு பார்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று, அதுவரை ஊசியில் நூல் கோக்கப் புருஷனின் கண்ணாடியைத்தான் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்.

மாசியில் பருத்தி வெடித்தது. மருந்து பட்ட முப்பது சென்ட்டில் பாதிச் செடிகள் தேறவில்லை. மீதி கிளை அடித்துப் பிந்திக் காய் வைத்து, மற்றதெல்லாம் எடுத்து முடிந்த பிறகு வெடித்தது. அந்தக் கடைசிப் பருத்தியை அந்த அம்மாவே எடுத்தார். சருகு ஒட்டாமல், கொட்டைப் பருத்தி தனி, நல்லது தனி என்று பிரித்துச் சாக்கில் அமுக்கினார். மொத்தமே அரைச் சாக்குதான். வியாபாரி வழக்கம்போலக் கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தார்.

"சுத்தமா இருக்கே அண்ணாச்சி. இந்தத் தடவை யார் எடுத்தா, புது ஆளா?"

"அதே ஆளுதான்" என்றார் அவர்.